ஒரு மூச்சில் பதினொன்று

என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்து ஏழு மாதமாகிறது. மாடிப்படி ஏறுகிறேன், துணி பிழிகிறேன், ஒரகடத்தில் மறுபடியும் ஷிப்டுக்குப் போகிறேன். நினைவு மங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்த நோயைப் பற்றி மட்டுமல்ல, நான் படுத்திருந்த வார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர்கள் காப்பாற்றினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த டாக்டரைச் சரியான நேரத்தில் என் கட்டிலுக்கு வரவழைத்தது யார் என்பது படுத்திருந்த எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் மஞ்சுளா. வயது முப்பத்தொன்பது. சேரப்பணஞ்சேரியில் வீடு. கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். என் லைனில் இருபத்திரண்டு பெண்கள். கணவர் குமார், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறார். மகள் பவித்ரா பிளஸ் ஒன் படிக்கிறாள்.

முதலில் வந்தது சாதாரண வயிற்றுப்போக்கு. இரண்டு நாளில் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்துப் பாதங்களில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். அடுத்த நாள் காலை குமார் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறப் போனேன். வலது காலைப் படியில் வைத்தேன். இடது கால் வரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். எல்லோரும் சிரித்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தபோது இரண்டு கால்களுமே வரவில்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நர்ஸிங் கல்லூரியும் சேர்ந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு டாக்டர் சிறிய ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் மூன்று முறை தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் முழுக்கப் பரிசோதனைகள். நரம்பில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார்கள். என்னைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகெலும்பு நடுவில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுத்தார்கள். ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் காத்திருப்பு. குமார் என் செருப்புகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க நடந்தார். எங்காவது வையுங்கள் என்றால் கேட்கவில்லை.

“வெச்சுட்டா நீ நடக்கவே மாட்டேன்னு அர்த்தம் ஆயிடும் மஞ்சு. நான் எடுத்துகினே கீறேன், வுடு.”

சாயங்காலம் நோயின் பெயரைச் சொன்னார்கள். கில்லன் பாரி. பெயர்தான் கடினம், விஷயம் எனக்கு உடனே புரிந்தது. வயிற்றுக் கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி நம் நரம்புகளின் மேலுறையையே அடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒயரின் மேலுறை போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினாறு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“கால்லேருந்து மேல ஏறும். எங்க நிக்கும்னு இப்ப சொல்ல முடியாது. பெரும்பாலானவங்க திரும்ப நடந்துடுவாங்க. மூச்சுத் தசைய மட்டும் விடாம கவனிக்கணும்” என்றார் டாக்டர். ஐந்து நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து. விலை உயர்ந்தது, கம்பெனி வழியாக இ.எஸ்.ஐ. காப்பீடு இருந்தது எங்கள் நல்ல காலம்.

பெண்கள் வார்டில் ஆறாம் எண் கட்டில் கிடைத்தது. அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர் சகாயராணி. வயது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். திருச்செந்தூர் பக்கத்துக்காரி. பொறுப்பு ஏற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்த வசந்தா சிஸ்டருக்கோ ஐம்பது வயது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர். அந்தப் பொறுப்பு தனக்கு வரும் என்று நினைத்திருந்தவர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு லைனில் பதினாறு வருடம் நின்றவளுக்கு இதெல்லாம் பார்த்தாலே தெரியும்.

சகாயராணி ஒவ்வொரு புதன்கிழமை மதியமும் கல்லூரிக் கட்டிடத்துக்கு வகுப்புக்குப் போவார். வார்டு பொறுப்பாளர்களுக்கான தலைமைப் பயிற்சி அது. புதன்கிழமை படிப்பதை அடுத்த ஆறு நாளில் தன் வார்டில் செய்து பார்த்து, என்ன ஆனது என்று திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். எனக்குக் கை ஓரளவு அசைந்த முதல் இரண்டு நாளில், மருந்துப் பாட்டிலை மாற்றிக்கொண்டே இதையெல்லாம் சொன்னார்.

“தலைமைக்கு நாலு வகைன்னு போட்டுருக்கு அக்கா. பரீட்சைல பத்து மார்க்குக்கு அழகா எழுதிட்டேன். இங்க ரெண்டு பேரு லீவு போட்டாங்கன்னா நாலு வகையும் ஜன்னல் வழியா பறந்துருது.”

“அப்ப இன்னா பண்ணுவீங்க?”

“மொத வாரம் சார்ட்டு எழுதி செவுத்துல ஒட்டுனேன். டூட்டி முடிஞ்சதும் எல்லாரும் நில்லுங்க, மீட்டிங்குன்னேன். ஒருத்தரும் நிக்கல. வசந்தா அக்கா, ‘பஸ்ஸு போயிடும்மா’ன்னுட்டு பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.” அவரே சிரித்தார். “அந்தக் கதையத்தான் வகுப்புல போயிச் சொன்னேன். எங்க புரொபசரு, ‘நீ சொன்னது சரி. அவங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டியா?’ன்னு மட்டும் கேட்டாங்க. நான் கேக்கவே இல்ல.”

அதன் பிறகு கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே கஷ்டம்தான். டியூட்டி மாறும்போது மேசையைச் சுற்றி நின்று, எல்லா நோயாளிகளின் கதையையும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். முக்கால் மணி நேரம் ஓடிவிடும், பஸ் போய்விடும், பாதி விஷயம் விட்டும் போகும். அதை மாற்றினார். வார்டை இரண்டாகப் பிரித்து, போகிறவரும் வருகிறவரும் கட்டில் கட்டிலாக நடந்து, நோயாளி எதிரிலேயே ஒப்படைப்பது. முன்னைவிடப் பாதி நேரத்தில் முடிந்தது. வசந்தா சிஸ்டருக்குப் பஸ் கிடைத்தது.

“எங்க லைன்லயும் மெஷின் பக்கத்துல நின்னுதான் ஒப்படைப்போம் சிஸ்டர். ஆபீஸ்ல உக்காந்து சொன்னா மெஷின்ல ஆடுற நட்டு தெரியாது” என்றேன்.

“இருங்க, இத எழுதிக்கிடுதேன்” என்று உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதினார்.

என் கட்டிலுக்கு வரும்போது கூடுதலாக ஒரு வேலை வைத்திருந்தார். நன்றாக மூச்சை இழுத்து, மறுபடி இழுக்காமல், ஒரே வேகத்தில் சத்தமாக எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். நுரையீரலை இயக்கும் தசைகள் எவ்வளவு பலமாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அது ஒரு எளிய வழி. விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும்; ஆனால் தசை சோர்ந்துகொண்டே வந்தாலும் கடைசி வரை அந்த எண் நன்றாகவே இருக்குமாம். “அத மட்டும் நம்பிட்டு இருந்தா ஏமாந்துருவோம்” என்று எல்லா சிஸ்டர்களையும் என் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து விளக்கினார். அதோடு, டாக்டரைக் கூப்பிடும்போது எப்படிப் பேச வேண்டும் என்றும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். இப்போது என்ன நிலைமை, இதுவரை என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

வசந்தா சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “நாப்பது பேஷண்ட்டுக்கு மூணு பேரு நிக்கறோம். இதுல வரிசையா வசனம் வேற பேசணுமா ராணி? புக்குல இருக்கறதெல்லாம் இங்க நடக்குமா?”

“நடக்காட்டி சொல்லுங்கக்கா. என்ன தப்புன்னு அடுத்த புதன்கிழமை போயி கேட்டுட்டு வாரேன்” என்றார் சகாயராணி. கோபமே இல்லை. வசந்தா சிஸ்டருக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும். முனகிக்கொண்டே போனார்.

அந்தப் புதன்கிழமை வந்தது; எனக்கு மூன்றாம் நாள் மருந்து. காலையில் ஒரு மூச்சில் இருபத்திரண்டு எண்ணினேன். மதியம் பதினெட்டு. கைகள் இரண்டும் படுக்கை மேல் கிடந்தன. பவித்ரா கஞ்சி ஊட்டினாள், விழுங்க நேரமாயிற்று. இரண்டு மணிக்கு டியூட்டி மாற்றும்போது பதினைந்து. சகாயராணி என் நெற்றியில் கை வைத்து, “அக்கா, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்லிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினார். வார்டு வசந்தா சிஸ்டர் கையில்.

மூன்று மணிக்கு அவர் தனியாக வந்தார். விரலில் கருவியை மாட்டினார். தொண்ணூற்றெட்டு. முகத்தில் நிம்மதி தெரிந்தது. போகப் போனவர் திரும்பினார்.

“எங்க மஞ்சுளா, எண்ணு பாக்கலாம்.”

எண்ணினேன். பதினொன்றில் காற்று தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு என்று சொல்ல வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“தலையத் தூக்கு.” முயன்றேன். தலையணையை விட்டுத் தலை எழவில்லை.

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு மேசைக்குப் போனார். அங்கே என்ன செய்கிறார் என்று என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பவித்ரா என் கையைப் பிடித்திருந்தாளாம், அது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே சுற்றிய மின்விசிறியும் ஒவ்வொரு மூச்சுக்கும் நானே கணக்காக உழைக்க வேண்டியிருந்ததும்தான். இனி வராமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன். சிறிது நேரம் கழித்து வசந்தா சிஸ்டரின் குரல் கேட்டது.

“சார், பெண்கள் வார்டு வசந்தா பேசறேன். ஆறாம் பெட் மஞ்சுளாவுக்கு மூச்சு பலம் கொறையுது. கில்லன் பாரி, மூணாவது நாள் மருந்து. காலைல ஒரு மூச்சுல இருபத்திரண்டு எண்ணுச்சு, இப்ப பதினொன்னு. கழுத்து தூக்க முடியல. மூச்சுத் தசை சோருதுன்னு நெனைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும், ஐ.சி.யு.வுல பெட் சொல்லணும்.”

மறுபக்கத்தில் என்ன கேட்டார்கள் என்பது பதிலிலிருந்தே தெரிந்தது.

“தொண்ணூத்தெட்டுதான் சார். அது கடைசியாத்தான் சார் வுழும். அது வுழற வரைக்கும் நான் காத்துகினு இருக்க முடியாது. நீங்க வாங்க.”

டாக்டர் வந்தார். வந்தவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் என்னை ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூச்சு நின்ற பிறகு ஓடி வந்து தொண்டையில் குழாய் போடுவது வேறு. நிற்கப் போகிறது என்று தெரிந்து, நோயாளியிடம் சொல்லி, மயக்கம் கொடுத்து, நிதானமாகப் போடுவது வேறு என்று மயக்க மருந்து டாக்டர் பின்னால் விளக்கினார். எனக்கு நடந்தது இரண்டாவது வகை. குமார் பஸ்ஸை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “தூங்கி எந்திரி. நான் இங்கதான் கீறேன்” என்றார். அந்தத் துணிப்பை அப்போதும் அவர் கையில்.

ஆறு நாள் இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது. தொண்டையில் குழாய் இருந்தால் பேச முடியாது. கை அசையாது. கண்ணிமை மட்டும் என் வசம் இருந்தது. பவித்ரா ஒரு அட்டையில் வார்த்தைகள் எழுதி வந்தாள்: தாகம், வலி, திருப்பிப் படுக்க வை, விசிறி, அப்பா, சும்மா பக்கத்தில் இரு. விரலை ஒவ்வொன்றாக நகர்த்துவாள்; சரியான இடத்தில் நான் கண்ணை மூடுவேன். கடைசி வார்த்தையில்தான் அதிகம் மூடினேன்.

குமாருக்கு என்னைப் பார்க்கக் கொடுத்த கால் மணி நேரத்தில் அவர் அழவோ தைரியம் சொல்லவோ இல்லை. தன் பஸ்ஸின் கதையை நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னார். ஒரகடம் சிக்னலில் இன்று எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, யார் டிபன் பாக்ஸை சீட்டிலேயே மறந்துவிட்டுப் போனது. சொல்லிக்கொண்டே என் பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். என் வாழ்க்கை வெளியே எனக்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை அந்தக் கதைகளில்தான் வந்தது.

சகாயராணி தன் டியூட்டி முடிந்து வந்து பார்ப்பார். “வகுப்பு முடிஞ்சு வாரேன், ஆறாம் பெட்டு காலியா கெடக்கு. என் நெஞ்சு நின்னே போச்சுக்கா. வசந்தா அக்கா என் மூஞ்சப் பாத்துட்டு, ‘ஏன் பேயடிச்ச மாரி நிக்கற? ஐ.சி.யு.வுல நல்லா கீது, போய்ப் பாரு’ங்காங்க. பாத்ரூமுல போயி அழுதுட்டுத்தான் வந்தேன்.” அழுததைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வசந்தா சிஸ்டரைப் பற்றிய பெருமை.

ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். என் முதல் வார்த்தை கரகரவென்று வந்தது: “பவி, சாப்டியா?” அவள் அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.

நோய் ஏறியதற்கு நேர் எதிராக இறங்கியது. மேலிருந்து கீழே, மெதுவாக. முதலில் கழுத்து, பிறகு கைகள், கடைசியாகக் கால்கள். மறுபடி வார்டுக்கு வந்து மூன்று வாரம் இருந்தேன். கம்பிச் சட்டத்தைப் பிடித்து நான்கு அடி வைத்த அன்று வார்டில் எல்லோரும் கை தட்டினார்கள். குமார் பையிலிருந்து செருப்பை எடுத்துத் தரையில் வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு என் லைன் பெண்கள் முறை வைத்து வந்து சமைத்துக் கொடுத்தார்கள், ஓவர்டைம் இருக்கும் நாளில்கூட ஒருத்தியும் தவறவில்லை.

போன மாதம் சகாயராணி போன் செய்தார். “புதன்கிழமை எங்க வகுப்புக்கு வாரீங்களா அக்கா? நோயாளியா இருந்தது எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்.” போனேன். பத்துப் பதினைந்து பொறுப்பு சிஸ்டர்கள், நர்ஸிங் கடைசி வருட மாணவிகள், புரொபசர். கடைசி வரிசையில் வசந்தா சிஸ்டர். அந்த வகுப்புக்கு அவர் வருவது அதுதான் முதல் முறையாம்.

நான் தெரிந்ததைச் சொன்னேன். பயத்தைச் சொன்னேன். என்னைப் பற்றி என் தலைக்கு மேல் பேசாமல் என் எதிரில் என்னிடமே பேசியது எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொன்னேன். அன்று வசந்தா சிஸ்டர் போனில் பேசியதை அப்படியே ஒப்பித்தேன். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒரு மாணவி எழுந்து, “அவ்ளோ தைரியமா எப்டி மேடம் பேசுனீங்க?” என்று கேட்டாள்.

வசந்தா சிஸ்டர் எழுந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“தைரியம்லாம் இல்ல. பதினொன்னு வந்ததும் நான் ஒடனே போன் பண்ணல. கால் மணி நேரம் மேசை பக்கத்துல போனைப் பாத்துகினே நின்னேன். இந்தம்மாவுக்கு இது தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். அந்தக் கால் மணி நேரம் எனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

“இருபத்தஞ்சு வருஷமா டாக்டரைக் கூப்புட்டு நம்மது தப்பாயிட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். எல்லார் எதிர்லயும் திட்டு வாங்கிருக்கேன். மேல இருக்கறவங்களும் சேந்து திட்டுவாங்க. அதான் கை போவல.” அவர் சகாயராணியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “அப்பறம் நெனச்சேன். நாம சொல்றது தப்பாவே இருந்தாலும், வகுப்புலேருந்து வந்து இந்தப் பொண்ணு என்னை வுட்டுக் கொடுக்க மாட்டா. ஒரு மாசமா எவ்ளோ பேசிருக்கேன், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. அது நெனப்பு வந்ததும் போனை எடுத்துட்டேன்.”

சகாயராணி தலையைக் குனிந்துகொண்டார். புரொபசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் நாற்காலியிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுந்து, கடைசி வரிசை வரை நடந்து போய் வசந்தா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் கோபப்படுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார் போல, முதலில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

மாணவிகள் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா பாக்கறீங்க?” என்றார் வசந்தா சிஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கால் மணி நேரம் நின்னேன்ல, அதையும் எழுதிக்குங்க.”